கையெழுத்துப் போட்டவரின் பேத்திக்கு

நேற்று அஜின்கோர்ட் கடைவாசலில் சோளப்பொத்திகளைக் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி. சனங்கள் நின்ற நிலையிலேயே பச்சைத் தோலை உரித்துப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு, வெறும் பொத்தியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். உரித்த தோலின் அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். கூடவே கோபமும் வந்துவிட்டது. நீ எனக்குத் தனியே வருவதில்லை.

அந்தத் தோலில்தான் நீ சோளமாவையும் அவித்த அவரை விதையையும் குழைத்து வைத்து, மடித்துக் கட்டி, கொதிநீரில் அவித்துக்கொண்டு வேலைக்கு வருவாய். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, இது எங்கள் கொழுக்கட்டை மாதிரி, சர்க்கரை போட மறந்துவிட்டாயா என்று கேட்டேன். நீங்கள்தான் சர்க்கரை போட்டுப் பழுதாக்கிவிட்டீர்கள் என்று நீ சிரிக்காமல் சொன்னாய். உன்னோடு சண்டை பிடிக்கலாம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. சண்டை பிடிக்க முடியாத ஆட்களோடு எனக்குப் பழக்கம் நீடிப்பதில்லை.

உனக்குத் தமிழ் தெரியாது. எனக்கு உன் பூர்வகுடிச் சனத்தின் செரோக்கிப் பாசை தெரியாது. இரண்டு பேரும் உடைந்த இங்கிலிஸில்தான் இருபது வருசம் கதைத்தோம். ஆனால் நீ சொன்னதெல்லாம் என் மண்டைக்குள் தமிழாகத்தான் கிடக்கிறது. ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் எழுத்து இது. எழுத்தில் பிழை இருக்கும். நினைவில் பிழை இராது. அது உனக்கே தெரியும்.

ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் அந்தத் தொழிற்சாலையில் நீயும் நானும் ஒரே மெசினில் நின்றோம். ஈர விரிப்பின் ஒரு முனை உன் கையில், மறு முனை என் கையில். இருவரும் ஒன்றாக இழுத்து மெசினின் சூடான வாய்க்குள் கொடுக்கவேண்டும். ஒருத்தி பிந்தினால் சுருக்கு விழும். அந்தச் சத்தத்துக்குள் கத்திக் கத்திக் கதைத்தே நீ எனக்கு உன் சனத்தின் கதையையும், நான் உனக்கு என் சனத்தின் கதையையும் சொல்லி முடித்தோம். முடித்தோம் என்று எழுதியது பிழை. முடிக்கவில்லை. நீ அரைவாசியில் விட்டுவிட்டுப் போனாய். அதுதான் என் வழக்கு.

நாம் ஒட்டிக்கொண்டது ஒரு வீட்டால். என் கலியாணத்துக்குப் பிறகு என் மனுசன்தான் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார் என்று ஒருநாள் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கு வரும், தாயிடமிருந்து மகளுக்கு. நீ விரிப்பை இழுக்க மறந்து நின்றாய். சுருக்கு விழுந்தது, சூப்பவைசர் கத்தினான். உன் சனத்திலும் வீடு பெண்ணுக்கு, தோட்டம் பெண்ணுக்கு, பிள்ளைகள் தாயின் குடிக்கு, கலியாணம் கட்டுகிற ஆண் அவள் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொன்னாய். சரியில்லாவிட்டால் அவனுடைய சாமான்களை வாசலில் வைத்துவிடுவார்களாம். அந்தக் கடைசிப் பகுதி எங்களிடம் இல்லாமல் போனதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். உங்கள் ஆட்கள் மலைக்காட்டில் ஊர் ஊராக இருந்தவர்கள். ஊருக்கு ஒரு சபை. சமாதான காலத்துக்கு ஒரு தலைவர், சண்டைக் காலத்துக்கு வேறொரு தலைவர். சபையில் பெண்களும் இருந்து வாய் திறப்பார்கள். பிடித்து வந்த எதிரியைக் கொல்வதா விடுவதா என்பதில் மதிப்புள்ள ஒரு பெண்ணின் சொல் வெல்லும். ஓர் ஊருக்கு மேலே இன்னோர் ஊர் இல்லை. வெள்ளைக்காரனுக்கு அது வசதியாகப் போயிற்று. ஏதோ ஒரு தலைவரைத் தனியே கூப்பிட்டு, குடிக்கக் கொடுத்து, அவருக்கென்று ஒரு துண்டு நிலத்தையும் ஒதுக்கிக் கொடுத்து, கையெழுத்தை வாங்கிக்கொண்டு எல்லா ஊரின் மண்ணும் தனக்கு என்றான்.

அப்படி விற்றுத் தின்ற தலைவர் ஒருவரை உங்கள் ஆட்களே கொன்றார்கள். கொல்லப் போனவர்களில் ஒருவர் பின்னர் பெரிய தலைவரானார். அவருடைய பெயர் என் வாயில் நுழையவில்லை. 'பெரியவர்' என்று வைத்துக்கொண்டேன். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஊர்ச்சபைகளுக்கு மேலே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சபை கட்டினார்கள். ஒரு குடியில் கொலை விழுந்தால் கொன்றவனின் குடியிலும் ஒரு தலை விழவேண்டும் என்ற பழைய பழிவழக்கத்தை நிறுத்தினார்கள். குதிரையில் சுற்றும் காவல் வைத்தார்கள். நீதிமன்றம் வைத்தார்கள். தலைநகர் என்று ஓர் இடத்தை அளந்து தெருப் போட்டார்கள். உங்கள் பாசைக்கு உங்கள் ஆள் ஒருவரே எழுத்து உண்டாக்கினார், அந்த எழுத்தில் பத்திரிகை அடித்தார்கள். கடைசியில் வெள்ளைக்காரனுடையதைப் பார்த்து அரசியல் சட்டமும் எழுதினார்கள்.

எனக்கு அந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வந்தது. எழுதி வைத்தால் மதிப்பார்கள் என்று நம்பிய விசரர் என்று திட்டினேன். எங்கள் ஆட்களும் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் எழுதினார்கள். மேசைக்கு மேசை கையெழுத்தானது. பிறகு அரசாங்கமே கிழித்தது. காகிதம் கிழிந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, குண்டு விழுந்த சத்தம்தான் கேட்டது. இதைச் சொல்லிக்கொண்டு நான் மேசையில் அடித்தேன். நீ ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாய்.

"வேறை என்ன செய்யச் சொல்லுறாய்? அம்பு முடிஞ்ச இடத்திலைதான் அவையள் பேனையை எடுத்தவை."

அதை நான் மறக்கவில்லை.

அந்தச் சட்டத்தில் வாக்கு ஆருக்கு என்று கேட்டேன். ஆண்களுக்கு என்றாய். சபையில் இருந்த உன் ஆச்சிமாருக்கு? இல்லை. வெள்ளைக்காரன் மாதிரி நடந்தால்தான் அவன் உங்களையும் ஒரு தேசமென்று எண்ணுவான், அவனுடைய சபையில் பெண் இல்லை, ஆகவே இங்கேயும் இல்லை. கறுப்புச் சனத்துக்கும் இல்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாய். ஏன் அங்கே கறுப்புச் சனம் என்று கேட்டேன். சில தலைவர்கள் அடிமை வைத்திருந்தார்கள், பெரியவரும் வைத்திருந்தார் என்று நீ ஒளிக்காமல் சொன்னாய். அன்று நீ நீட்டிய சாப்பாட்டை நான் வாங்கவில்லை. துரத்தப்படப் போகிறவர்கள் இன்னொருவரைக் கட்டி வைத்திருந்தார்கள் என்றால், அதை எந்தத் தராசில் வைப்பது? அந்தக் கோபம் இப்போதும் அப்படியே இருக்கிறது.

ஒரு கிழவியின் கதையையும் சொன்னாய். சபையில் ஒரு காலத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். வயது போய், நடக்க ஏலாமல், நிலம் கொடுப்பதைப் பற்றிச் சபை கூடிய நாளில் அவளால் போக முடியவில்லை. தன் ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பினாளாம். நான் வரவில்லை, என் தடி வந்திருக்கிறது, இனி ஒரு துண்டு மண்ணும் கொடுக்காதேயுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். தடியை மரியாதையாக வாங்கி வைத்தார்கள். பிறகும் மண் போனது. உங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் என்றாய்.

உங்கள் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சபையின் சம்மதம் இல்லாமல் பொது மண்ணை விற்கிறவனுக்குச் சாவு. அதைக் கேட்ட நாள் எனக்குச் சோறு இறங்கியது. எங்கள் ஊரில் இந்தச் சட்டம் இருந்திருந்தால், பனங்காணியை ஒருவருக்கும் சொல்லாமல் விற்ற என் சின்னையா எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். அந்தச் சட்டத்துக்காக வாதாடியவர்களில் பெரியவரும் ஒருவர். அதே பெரியவர்தான் கடைசியில் சபையின் சம்மதம் இல்லாமல், தன்னோடு நின்ற ஒரு சிலரோடு சேர்ந்து, கிழக்கிலிருந்த நிலம் முழுவதையும் எழுதிக் கொடுத்தார். பொதுச்சபையின் தலைமைத் தலைவர் சம்மதிக்கவில்லை. சனம் சம்மதிக்கவில்லை. ஆயிரம் ஆயிரமாகப் பெயர் எழுதி அனுப்பினார்கள். வெள்ளைக்காரனுக்குத் தேவைப்பட்டது கையெழுத்து, ஆருடையதென்பது அல்ல. பட்டாளம் வந்தது. அடுப்பில் இருந்ததை இறக்கவும் விடவில்லை. குளிருக்குள் மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் பிள்ளைகளும் கிழடுகளும் செத்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு விடியற்காலை ஆட்கள் புறப்பட்டுப் போய்ப் பெரியவரையும் வேறு சிலரையும் அவர்களே வைத்த சட்டத்தின்படி கொன்றார்கள். அதன் பிறகு வருசக்கணக்காகக் குடிக்குக் குடி பழி. நிறுத்தி வைத்த வழக்கம் திரும்பி வந்து நடுவீட்டில் குந்திக்கொண்டது.

கையெழுத்துப் போட்டவர்களை நான் எவ்வளவு காலம் திட்டினேன். கையிலே புழு நெளிய, வாயிலே மண் விழ என்று எனக்குத் தெரிந்த அவ்வளவு சாபத்தையும் இங்கிலிஸில் உடைத்து உடைத்து உனக்குச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு சாப்பிடுவாய். சில நாளில் நீயே, இன்றைக்குத் திட்டவில்லையா என்று கேட்பாய். பிறகு ஒருநாள், வேலையை விட்டு நீ நிற்கப்போகிற வருசத்தில், சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எனக்குச் சொன்னாய். பெரியவருக்குப் பின்னால் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர் உன் ஆச்சியின் ஆச்சிக்குத் தாய்மாமன். தகப்பனிலும் பார்க்கத் தாய்மாமன்தான் உங்களுக்கு மேல்.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"என்ரை வாயாலை அவரைத் திட்டேலாது. நீ திட்டினாய். எனக்கு அது தேவையாய் இருந்தது."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாயா? என் வாயை நீ வாடகைக்கு எடுத்திருந்தாய். அப்போது அவர் செய்தது சரியா என்று கேட்டேன். பிழை என்றாய். அவர்கள் எல்லோரும் செய்தது பிழை என்றாய். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"பிழைதான். ஆனால் மண்ணிலை ஆசையில்லாதவன் வித்தானெண்டு மட்டும் சொல்லாதை. எல்லாம் போகப்போகுதெண்டு தெரிஞ்சவன், தன்ரை கையாலை குடுத்தால் சனமாவது மிஞ்சுமெண்டு நினைச்சான்."

விற்பவன் எவன்தான் ஆசையில்லை என்று சொல்லிக்கொண்டு விற்கிறான்? அன்று தொடங்கிய சண்டை மெசினிலும் நடந்தது. நான் என் முனையை வெடுக்கென்று இழுப்பேன், நீ உன் முனையை இழுப்பாய். அந்த மாதம் ஆஸ்பத்திரிகளுக்குப் போன விரிப்பெல்லாம் கிழிந்துதான் போயிருக்கும். ஆனாலும் நீ கொண்டுவந்ததை நான் சாப்பிட்டேன், என் பிட்டை நீ சாப்பிட்டாய். தமக்கைக்குச் சுகமில்லை என்று நீ தெற்கே உன் சனத்திடம் போனபோது, பஸ் நிலையத்தில் வைத்து, திரும்பி வந்து மிச்சத்தைச் சொல்கிறேன் என்றாய்.

வரவில்லை. உன் மகன் தொலைபேசி எடுத்தபோது நீ செத்து எல்லாம் முடிந்து இரண்டு கிழமை. எங்கள் ஊரில் இழவு சொல்லாமல் விட்டால் தலைமுறைக்கும் அந்த வீட்டுப் படலையை மிதிக்கமாட்டோம். கலியாணத்துக்குச் சொல்லாமல் விடலாம், செத்தவீட்டுக்குச் சொல்லாமல் விட முடியாது. உன் மகன் தமிழன் இல்லை, அவனுக்குத் தெரியாது. ஆனால் உனக்கு நான் சொல்லியிருந்தேன். நீ அவனுக்குச் சொல்லி வைத்திருக்கவேண்டும். இதை நான் மன்னிக்கவில்லை.

இப்போது ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால், என் வீட்டிலேயே சபை கூடிவிட்டது.

என் சீதன வளவை உனக்குத் தெரியும், நான் சொல்லிச் சொல்லி நீ வேலி எந்தப் பக்கம் என்றுகூட அறிவாய். மகளின் கலியாணத்துக்கு அதை அவளுக்கு எழுதினேன், என் தாய் எனக்கு எழுதியது போல. எங்கள் காணி உறுதிப் பத்திரங்களில் சீவிய உருத்து என்று ஒன்று வைப்பார்கள். காணி மகளுடையது, ஆனால் தாய்க்கு உயிர் உள்ளவரை அதில் உருத்து உண்டு. தாய் கையெழுத்து வைத்து விட்டுக்கொடுத்தால் ஒழிய வாங்குகிறவன் உள்ளே கால் வைக்க முடியாது. இராணுவம் பிடித்து வைத்திருந்த அந்த வளவைச் சில வருசத்துக்கு முதல் விடுவித்துவிட்டார்கள். இப்போது அதை விலைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டது.

விட்பியில் மகளின் வீட்டில் கூடுவதென்று முடிவாம். விற்கிற முடிவைப் போனில் தங்களுக்குள் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். என்னை ஏற்றிக்கொண்டு போக மகன் பிக்கரிங்கிலிருந்து வந்தான். எனக்காக நாற்காலியும் கேக்கும் இருக்கிறதாம். நீங்கள் ஒன்றும் யோசிக்கவேண்டாம் அம்மா, கையெழுத்து மட்டும்தான் என்றான். கையெழுத்து மட்டும்தான். உங்கள் பெரியவருக்கும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு உன் கதையில் தடி அனுப்பிய கிழவி நினைவில் வந்தாள். என் தடியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"இதைக் கொண்டுபோய் மேசையிலை வை. நான் வரேல்லை. என்ரை வாக்கு உதுதான்."

அவன் தடியையும் என்னையும் பார்த்தான். "தடி இல்லாமல் எப்பிடியம்மா பாத்ரூமுக்குப் போவியள்?"

"சுவரைப் பிடிச்சுப் போவன். நீ போ."

போனான். மேசையில் வைத்தானாம். மாமி தடியை மறந்துவிட்டாவா என்று மருமகன் கேட்டாராம். அது அம்மாவின் வாக்காம் என்று மகன் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டு, கேக் வைக்க இடம் வேண்டுமென்று தடியை எடுத்துக் குடைகளோடு வைத்துவிட்டார்களாம். உன் கிழவியின் தடிக்காவது மரியாதை கிடைத்தது. நான் இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் தடியைக் கொண்டு மகள் வந்தாள். தனியே வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டேன். மண்ணை விற்கிற பரம்பரையில் நான் உன்னைப் பெறவில்லை என்றேன். அவள் குந்திக்கொண்டு கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, நீங்கள் அந்த வளவைக் கடைசியாய்ப் பாத்தது சண்டைக்குள்ளாலை ஓடேக்கை. நான் போன வருசம் போய் நிண்டு பாத்தனான். உங்களுக்குச் சொல்லேல்லை. வீடு இல்லை. கிணத்தைத் தூர்த்துப் போட்டாங்கள். ரெண்டு பக்க வேலியும் உள்ளுக்கை வந்திட்டுது. பக்கத்துக்காரன் எங்கடை மண்ணிலை சுவர் கட்டியிருக்கிறான். கேட்டால் கேஸ் போடட்டாம்."

"அதுக்கு?"

"இப்பிடியே விட்டால் ஒண்டும் மிஞ்சாது. எங்கடை கையாலை குடுத்ததெண்டாவது இருக்கட்டும்."

கேட்டாயா? நீ அன்று அவருக்காகச் சொன்ன அதே நியாயம்தான். நீ எப்போது இவளோடு கதைத்தாய் என்று கேட்க வாய் வந்தது. உங்கள் சட்டம் இருந்திருந்தால் இவளைத்தான் கொல்லவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சட்டம்.

கிணற்றடியில் நின்று அழுதாயா என்று கேட்டேன். கிணறு எங்கே இருந்ததென்று பிடிபடவில்லை அம்மா என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். நான் அழவில்லை.

கையெழுத்துப் போடமாட்டேன், நான் செத்த பிறகு உன் விருப்பம் என்று சொல்லிவிட்டேன். அப்படிக் கதைக்கவேண்டாம் என்றாள். வாங்க வந்தவன் காத்திருக்கமாட்டான், மருமகனுக்கு என் மேல் கோபம், மகன் போன் எடுப்பதைக் குறைத்துவிட்டான். கோபப்படட்டும். எனக்கு அதில் அனுபவம் கூட.

அவளை நான் மன்னிக்கவில்லை. உன் ஆச்சியின் ஆச்சிக்குத் தாய்மாமனையும் மன்னிக்கவில்லை, பெரியவரையும் மன்னிக்கவில்லை, இழவு சொல்லாத உன்னையும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும், சொல்ல ஆளும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் என் மகள் வேலை முடிந்து கோயிலுக்குப் போகிறாள். என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை. ஐயரிடம் என்ன கேட்கிறாள் என்று விசாரித்தேன். அம்மாவுக்கு நீண்ட ஆயுள் வேண்டுமாம். நான் இருக்கும்வரை அந்தக் காணியில் அவளால் கை வைக்க முடியாதென்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள்.

நீ பஸ் நிலையத்தில் மிச்சம் வைத்துப்போனது இதுதான் என்றால், அப்போதே ஒழுங்காகச் சொல்லியிருக்கவேண்டும். இப்போது நான் அவள் கொண்டுவந்து தரும் திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டு, அவள் மேலுள்ள கோபத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிரசர்க் குளிசையைத் தவறாமல் விழுங்கிவிட்டு, இந்த மாடிக்கட்டடத்தின் நீட்டு வழியில் காலையும் மாலையும் நடக்கிறேன். கனகாலம் இருக்கத்தான் போகிறேன். அவளும் கேட்கிறாள், நானும் விடுவதாக இல்லை.